முதல் கட்டத்தில் எழுதிய பெயர்

லண்டனில் முதல் ஒரு வருடம் என்னை யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பிழை என்னுடையது. யாழ்ப்பாணத்தில் இருந்து கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியபோது அதில் 'ஃபர்ஸ்ட் நேம்' என்று ஒரு கட்டம், 'லாஸ்ட் நேம்' என்று இன்னொரு கட்டம். முதலில் வருகிற பெயர் எது? பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு தொடங்கி அரிசி, சீனிக்கான கூப்பன் அட்டை வரைக்கும் முதலில் வந்தது அப்பாவின் பெயர். அதற்குப் பிறகுதான் நான். ஆகவே முதல் கட்டத்தில் அப்பாவை எழுதினேன், கடைசிக் கட்டத்தில் என்னை எழுதினேன். இதில் யோசிக்க ஏதும் இருப்பதாகவே எனக்குப் படவில்லை. எங்கள் பக்கத்துப் பெடியன்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது இங்கே வந்த பிறகு தெரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் அப்பாக்களின் பெயரில் பிள்ளைகள் திரிந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் வாய்விட்டுச் சொல்லப்படுகிற பெயர் அல்ல. அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு "இஞ்சருங்கோ" போதுமாக இருந்தது. எனக்கும் தம்பிக்கும் அவர் அப்பா. அவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற கிளார்க் என்பதால் ஊருக்கு அவர் ஐயா. யாராவது அதிகாரி என்னிடம் தகப்பனின் பெயரைக் கேட்டால், என்னை அறியாமல் குரல் இறங்கிவிடும். இப்படி வளர்ந்தவனுக்கு முன்னால், கல்லூரிக்குப் போன முதல் நாளே, கூடப் படிக்கிற பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சுவிங்கம் மென்றுகொண்டு அப்பாவின் பெயரை இரண்டாக முறித்தாள். பெயர் நீளமாக இருக்கிறதாம். முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டாள். அதே கையோடு வெறும் சிப்ஸ் பையை என்னிடம் நீட்டி, அந்த முன்பாதியைச் சொல்லி, பக்கத்தில் இருக்கிற குப்பைத்தொட்டியில் போட்டுவிடச் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. அப்பாவைக் குப்பை போடச் சொன்ன மாதிரி இருந்தது. போட்டுவிட்டு வந்தேன்.

அந்த வருடம் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் களைப்புத்தான். வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆயத்த வருடம் அது. கணக்கியல், ஆங்கிலம், அவற்றோடு இந்த நாட்டு வரலாறு என்று ஒரு பாடம். வரலாற்றை வகுப்பில் படித்தால் போதாதாம், கால்களாலும் படிக்க வேண்டுமாம். சனிக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்கு நகரத்தில் ஏதாவது ஒரு பழைய இடத்தின் வாசலில் நாங்கள் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள், நடப்போம். வராவிட்டால் வரவு குறையும். வரவு குறைந்தால் கல்லூரி கடிதம் தராது. கடிதம் இல்லாமல் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் விசா நீட்ட மாட்டார்கள். விசா இல்லாவிட்டால் சண்டை நடக்கிற ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். நானோ கிழமையில் ஐந்து நாள் பின்னேரம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்று வேலை செய்கிறவன். சனிக்கிழமை காலையில் என் கால் எனக்குச் சொந்தமாக இருக்காது.

எங்களை நடத்திக் கூட்டிப்போகிற ஆசிரியைக்கு அறுபது வயதுக்கு மேலே இருக்கும். மழைக்கோட்டும் தட்டைச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு அவர் நடக்கிற வேகத்துக்கு எங்களில் ஒருவரும் ஈடுகொடுக்க முடியாது. கையில் ஒரு இடாப்பு இருக்கும். முன்னொரு வருடம் யாரோ ஒரு மாணவன் நடுவழியில் நழுவிப் படம் பார்க்கப் போய்விட்டானாம். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு இடத்திலும் பெயர் கூப்பிடுவார். ஒரு காலைப்பொழுதில் நாலு தரம், ஐந்து தரம். பஸ் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று நல்ல உரத்த குரலில் கூப்பிடுவார். அப்படித்தான் கோட்டை மதிலடியில், தீ விபத்தின் ஞாபகத் தூணடியில், ஆற்றங்கரைப் படிக்கட்டில், ரோமர்கள் கட்டி மிச்சம் விட்ட சுவரடியில் எல்லாம் அப்பாவின் பெயர் கேட்டது. நான் "யெஸ்" என்றேன்.

அந்தப் பழைய நகரத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டால் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. எங்கே போனாலும் யாரையாவது வெட்டிய கதை. இந்த ராணியை இந்த இடத்தில், அந்தப் பிரபுவை அந்த இடத்தில். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் நான் நின்றபடியே நித்திரை கொள்ளப் பழகியிருந்தேன். மாரிக்காலத்தில் சப்பாத்துக்குள் தண்ணீர் போய்விடும். வீடு போய்ச் சேரும்வரை காலுறை காயாது. ஊரில் எல்லாரும் நான் லண்டனைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். லண்டன்தான் என்னைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு போனது.

தேவாலயங்கள்தான் பெரிய கரைச்சல். உள்ளே போனால் தரை முழுக்கக் கல்லறை. பெயர் வெட்டிய கற்களுக்கு மேலேதான் நடக்க வேண்டும். நான் ஒற்றைக்கால், இரட்டைக்கால் வைத்துக் கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் தாண்டித் தாண்டி நடப்பதைப் பார்த்து அந்தச் சுவிங்கம் பெண் சிரிப்பாள். வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு வழக்கு. நான் இருந்த வீட்டில் என்னோடு அறையைப் பங்குபோட்ட அண்ணை ஒருவர் இருந்தார். சாவகச்சேரிப் பக்கம். எனக்கு நாலு வருடம் முந்தி அகதியாக வந்தவர். நான் கல்லறைக்கு மேலே நடந்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் அறைக்குள் விடமாட்டேன் என்று நின்றார்.

"செத்தவீட்டுக்குப் போய் வந்தா முழுகிறதில்லையோ? இதுவும் அதுதானே. தலை முழுகிப்போட்டு உள்ளுக்கு வா."

"அண்ணை, செத்து ஐந்நூறு வருசம்."

"எத்தினை வருசமெண்டாலும் துடக்குத் துடக்குத்தான். சுடுதண்ணி முடிய முன்னம் போ."

விளையாட்டாகச் சொல்கிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் முழுகினேன். அந்த மாரிக்காலத்தில் நான் கேள்விப்படாத எத்தனையோ வெள்ளைக்காரப் பிரபுக்களுக்காகத் தலைமுழுகித் தடிமன் பிடித்தது.

பெயர்ப் பிழையைத் திருத்த நான் முயலாமல் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். பாஸ்போர்ட்டைக் கொண்டு வா என்றார்கள். பாஸ்போர்ட் குரோய்டனில் கிடந்தது. அது திரும்பி வந்தால்தான் திருத்தலாம் என்றார்கள். அண்ணையிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"உள்ள பேரைக் கிளறப் போய் உள்ள விசாவையும் குழப்பிப்போடாதை தம்பி. என்னை இஞ்ச எல்லாரும் என்ர ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்கள். நான் என்ன தேய்ஞ்சே போனன்?"

ஆனால் எனக்கு உறுத்தியது. கடைசியில் அப்பாவுக்கே எழுதினேன். இப்படி ஒரு பிழை நடந்துவிட்டது, இங்கே எல்லாரும் உங்கள் பெயரைச் சொல்லி என்னை வேலை ஏவுகிறார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அப்பா கோபக்காரர். வரிசையில் நிற்காதவனுக்கு டிக்கெட் கொடுக்காமல் ரயிலைத் தவறவிட வைத்தவர். திட்டு வரும் என்று எதிர்பார்த்தேன்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. "அப்படியென்றால் நானும் லண்டன் வந்துவிட்டேன். நல்லது. ரயில் ஓடாமல் விட்டபிறகு எனக்கும் இங்கே வேலை இல்லை. நேரத்துக்கு எழும்பிப் போ. என் பெயரைக் கெடுத்துப்போடாதே." அதற்குக் கீழே ஒரு வரி: "இந்தக் கிழமை நான் எங்கே எங்கே போனேன் என்று எழுது."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா பகிடி விடுகிற ஆள் இல்லை. பிறகுதான் விளங்கியது, அவர் பகிடி விடவில்லை. ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் கொழும்புக்கு அப்பால் போனதில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் அதே கேள்வி: இந்தக் கிழமை நான் எங்கே போனேன்? நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயில் வருவதற்கு முன் காற்று வரும் என்கிறார்களே, எனக்கு அடித்ததா? பிளாட்ஃபாரத்தில் கிளார்க்மார் என்ன உடுப்புப் போட்டிருந்தார்கள்? கோட்டையில் காகம் வளர்க்கிறார்களாம், என்னைக் கொத்தவில்லையா?

நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நீல ஏரோகிராமில் நாலு வரி எழுதினேன். சில சமயம் வாசலில் சும்மா கொடுக்கிற துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து, இன்ன அரசர் கட்டியது, இத்தனை அடி உயரம் என்று தமிழில் எழுதிவிட்டுப் படுத்துவிடுவேன். என்னைக் குறை சொல்ல முடியாது என்று அப்போது நினைத்தேன். வேலை, படிப்பு, சமையல், சனிக்கிழமை நடை. ஒரு மனுசன் எத்தனைதான் செய்வான்? இப்போது நினைத்தால், அவர் கேட்டது உயரத்தை அல்ல. காற்று அடித்ததா என்று கேட்டார்.

ஆற்றின் மேலே இரண்டாகப் பிளந்து திறக்கிற பாலத்தடிக்குப் போன கிழமையும் அப்படித்தான். ஆசிரியை அதைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். நான் ஆற்றங்கரை மரவாங்கில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டேன். பெயர் கூப்பிட்டபோதுதான் எழும்பினேன். அப்பாவுக்கு, "பாலத்துக்குப் போனீர்கள்" என்று மட்டும் எழுதினேன். அவருடைய அடுத்த கடிதம் முழுக்க அந்தப் பாலம். "திறக்கிற நேரத்தில் நடுவில் நிற்கிற ஆட்களை என்ன செய்கிறார்கள்? மணி அடிப்பார்களா? எங்கள் ரயில் கடவை மாதிரிக் கேற் போடுவார்களா? ஓடிவருகிற ஆள் இருந்தால் பொறுப்பார்களா? நீ பார்த்து எழுது."

நான் போய்ப் பார்க்கவில்லை. மணி அடிப்பார்கள், கேற் போடுவார்கள், ஓடிவருகிறவர்களுக்காகப் பொறுப்பார்கள் என்று எழுதிவிட்டேன்.

அப்பா விடவில்லை. "நான் கேட்டதையே எனக்குத் திருப்பி எழுதியிருக்கிறாய். கிளார்க்கை ஏமாற்ற ஏலாது. இன்னொருமுறை போய்ப் பார்."

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிப்போட்டேன். இடையில் பாஸ்போர்ட் குரோய்டனிலிருந்து திரும்பி வந்தது. பெயர் திருத்துகிற விண்ணப்பத்தை நிரப்பிக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தேன். இந்தமுறை முதல் கட்டத்தில் என்னை எழுதினேன், கடைசிக் கட்டத்தில் அப்பாவை எழுதினேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அப்பாவின் மேல் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. தூங்கி எழும்ப நேரமில்லாதவனுக்கு இந்த மனுசனுடைய லண்டன் விடுப்புக் கேள்விகள் வேறு. பெயரைத் திருத்திவிட்டால் இந்த விளையாட்டும் ஓய்ந்துவிடும் என்று ஒரு நினைப்பு. விண்ணப்பம் அலுவலகத்திலேயே கிடந்தது. நானும் மறந்துவிட்டேன்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து சித்தப்பா முறையான ஒருவர் டெலிபோன் எடுத்தார். அண்ணைதான் எடுத்துக் கதைத்தார். "ஓம்... ஓம்... எப்ப?" என்று மூன்று சொல்தான் சொன்னார். பிறகு டெலிபோனை என்னிடம் தராமல் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு, "இரு தம்பி, முதல்லை இதிலை இரு" என்று கதிரையை இழுத்துவிட்டார். எனக்கு விளங்கிவிட்டது.

அப்பா நெஞ்சு நோகிறது என்று படுத்தவர், எழும்பவில்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்ததால் செய்தி கொழும்புக்கு வரவே நாள் சென்றுவிட்டது. தம்பி கொள்ளி வைத்திருக்கிறான். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். போன சனிக்கிழமை மீன்சந்தைக்குப் பக்கத்தில் ஆசிரியை அப்பாவின் பெயரைக் கூப்பிட்டபோது நான் "யெஸ்" என்று சொல்லியிருக்கிறேன். அப்போது அப்பா போய் ஏழு நாள்.

அண்ணை குளியலறை விளக்கைப் போட்டு, சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு வந்தார். துவாயை என் தோளில் போட்டார். யார் யாருடைய கல்லறைக்கெல்லாமோ அன்றன்றே முழுகியவன் அப்பாவுக்குப் பதினொரு நாள் பிந்தி முழுகினேன். தண்ணீர் குளிர்ந்த பிறகும் வெளியே வரவில்லை. அண்ணை கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

வியாழனும் வெள்ளியும் நான் வேலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பாலத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எப்போது திறக்கும் என்று அங்கே இருந்த காவலாளியிடம் கேட்டேன். மத்தியானம் ஒரு கப்பல் வரும் என்றார். மூன்று மணி நேரம் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நின்றேன். கப்பல் வந்தது. மணி அடித்தது. இரண்டு பக்கமும் கேற் விழுந்தது. நடுவில் ஒரு பெண் குழந்தையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள், அவள் வெளியே வரும்வரை பொறுத்தார்கள். நான் பார்க்காமல் பொய்யாக எழுதிய அத்தனையும் சரி. அதை எழுதி அனுப்ப ஆள் இல்லை. பாலம் திறந்து மூடும்வரை நின்று பார்த்தேன். பார்க்கிறபோது வாய்விட்டு அழுதேன், பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அந்த வருடத்தின் கடைசி நடை. போகாவிட்டால் கடிதம் இல்லை. அண்ணை, "போ, போகாமல் விடாதை. விசா போனா உன்ர கொப்பருக்கும் சரியில்லை" என்றார். சவரம் செய்யாத முகத்தோடு போய் ஒரு பழைய தேவாலயத்தின் வாசலில் மற்றவர்களோடு நின்றேன். ஆசிரியை இடாப்பைத் திறந்து கூப்பிடத் தொடங்கினார்.

அன்று நான் தூங்கவில்லை. அப்பாவின் பெயர் பட்டியலில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். சுவிங்கம் பெண்ணுக்கு அடுத்தது. அவளுடைய பெயர் வந்தது. அடுத்தது வரும்போது எப்படி "யெஸ்" சொல்லப்போகிறேன் என்று யோசித்தேன். சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் அடுத்ததாக வேறு யாரையோ கூப்பிட்டார். அதற்கடுத்தும் வேறு யாரையோ. பட்டியல் முடிந்துவிட்டது. இடாப்பை மூடிக்கொண்டு எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார்.

நான் அவரிடம் போய், என்னை நீங்கள் கூப்பிடவில்லை என்றேன்.

"கூப்பிட்டேனே," என்றார். "மூன்று முறை கூப்பிட்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய், பதில் சொல்லவில்லை. வரவில்லை என்று போட்டுவிட்டேன்." பிறகு என் பெயரைச் சொன்னார். என்னுடைய பெயரை. "இதுதானே உன் பெயர்? நேற்று அலுவலகத்திலிருந்து திருத்தி அனுப்பியிருந்தார்கள். ஒரு வருடமாக இரண்டையும் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறேன், அதற்கு நான் வருந்துகிறேன். இன்று ரயிலில் வரும்போது திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன். சரியாகச் சொல்கிறேனா?"

சரியாகத்தான் சொன்னார். அம்மா சொல்கிற மாதிரியே ழகரம் கூட ஏறக்குறைய வந்தது. அந்தப் பெயர் என்னைச் சேர்ந்தது என்றே எனக்குப் படவில்லை. நான் மற்றப் பெயருக்காகக் காத்துக்கொண்டு நின்றவன்.

"சரி," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். சவரம் செய்யாததையும் பார்த்திருப்பார். "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"என் அப்பா இறந்துவிட்டார்," என்றேன். லண்டனில் நான் அதை முதல்முதலாகச் சொன்னது அவரிடம்தான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள், வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பிறகு, இந்த ஊர்க்காரர்கள் செத்தவரைப் பற்றி மரியாதையாகக் கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்: "உன் அப்பாவின் பெயர் என்ன?"

"நீங்கள் ஒரு வருடமாகக் கூப்பிட்டீர்களே," என்றேன். "அதுதான்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. பிறகு இடாப்பைத் திறந்தார். அந்தப் பெயரின் மேலே அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் நேராக ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் என் பெயர் புதிதாக எழுதியிருந்தது. அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். கோடு போட்டது அவருடைய கைதான்.